மாலை ஆறரைக்கு மேல் ஊரும் டோரண்ட்: மதுரை ஸ்டூடியோ ஒன்றின் நிகழ்வு ஆய்வு

மதுரை தெப்பக்குளம் பக்கம் உள்ள ஒரு கல்யாண வீடியோ ஸ்டூடியோவில் நடந்த விஷயம் இது. கடைகள், ஸ்டூடியோக்கள், ஆடிட்டர் அலுவலகங்களுக்கு நெட்வொர்க் வேலை பார்ப்பது என் தொழில். அங்கே அளந்து பார்த்ததையும், அதை வைத்து எழுதிய புகார் என்ன ஆனது என்பதையும் முழுதாகப் பதிவு செய்கிறேன். இதே சிக்கலில் இருக்கும் பலர் "நெட் ஸ்லோவா இருக்குண்ணே" என்று போனில் சொல்லிவிட்டு, ரூட்டரை அணைத்துப் போட்டுவிட்டு, அதோடு விட்டுவிடுகிறார்கள். எது மெதுவாகிறது, எப்போது மெதுவாகிறது என்று கேட்டால்தான் இது கோளாறா, யாரோ வைத்த கட்டுப்பாடா என்பது தெரியும்.

நம் பக்கம் கல்யாணத்துக்கு முந்தைய நாள் மாலை ரிசப்ஷன், மறுநாள் காலை முகூர்த்தம். ரிசப்ஷனில் எடுத்ததை இரவோடு இரவாக நாலு நிமிட வீடியோவாக வெட்டி, காலையில் மண்டபத்து எல்.ஈ.டி. திரையில் ஓட்டவேண்டும் என்று இப்போது எல்லா வீட்டிலும் கேட்கிறார்கள். எடுத்தது 4கே, இரண்டு கேமரா. ஒரு ரிசப்ஷனுக்கே 40 ஜி.பி. வந்துவிடும். எடிட்டர் இருப்பது திருமங்கலத்தில். ஆல்பம் டிசைன் செய்பவர் திண்டுக்கல்லில். மூன்று இடத்துக்கும் ஒரே ஃபைல்கள் போகவேண்டும்.

ஸ்டூடியோவில் வேலை பார்க்கும் பையன் ஒருவன் இதற்கு டோரண்ட்டை ஏற்பாடு செய்திருந்தான். வெளியாள் யாரும் சேர முடியாத தனி டோரண்ட். நல்ல யோசனை. 2001-இல் பிராம் கோஹன் எழுதிய பிட்டோரண்ட் முறை ஃபைலைச் சின்னச் சின்னத் துண்டாக்கி, ஒவ்வொரு துண்டும் சரியாக வந்ததா என்று சோதித்துக்கொள்ளும். நடுவில் கரண்ட் போனால் விட்ட இடத்தில் இருந்து தொடரும். இதையெல்லாம் விடப் பெரிய வசதி, ஸ்டூடியோ ஒரு பிரதியை அனுப்பினால் போதும். திருமங்கலமும் திண்டுக்கல்லும் கையில் வந்த துண்டுகளைத் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ளும்.

ஸ்டூடியோவில் 100 எம்.பி.பி.எஸ். ஃபைபர் இணைப்பு, அனுப்புவதற்கும் பெறுவதற்கும் அதே வேகம். திருமங்கலத்திலும் அதே நிறுவனத்தின் இணைப்புதான். 40 ஜி.பி. ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக எடுக்கவேண்டும். பகலில் அனுப்பினால் அப்படித்தான் போனது. இரவு ஒன்பது மணிக்கு மண்டபத்தில் இருந்து கார்டைக் கொண்டுவந்து போட்டால், 2, 3 எம்.பி.பி.எஸ். வேகத்தில் ஊர்ந்தது. எடிட்டர் பதினொன்றரை வரை கம்ப்யூட்டர் முன்னால் சும்மா உட்கார்ந்திருப்பார். அதற்கு மேல்தான் வேகம் வரும். பின்னிரவு ஒரு மணிக்கு வேலையைத் தொடங்கி ஆறு மணிக்கு முடித்துக் கொடுப்பார். முகூர்த்த மாதம் முழுக்க அவருக்கு இதே கதி.

"ஸ்பீடு டெஸ்ட் போட்டா 95 காட்டுது தம்பி. அப்புறம் இது மட்டும் ஏன் நகர மாட்டேங்குது?" என்றார் ஸ்டூடியோ அண்ணன்.

அந்தக் கேள்விக்குள்ளேயே பாதி விடை இருந்தது. ஆனால் அதை நிரூபிக்கவேண்டும்.

சந்தேகங்களைக் கழித்தது

முதலில் வீட்டுக்குள் இருக்கும் காரணங்கள். வைஃபையை விட்டுவிட்டு நேராக கேபிள் போட்டேன். ஸ்டூடியோவிலேயே இரண்டு கம்ப்யூட்டருக்கு இடையில் அதே டோரண்ட்டை ஓட்டினேன். ஹார்ட் டிஸ்க்கின் வேகத்துக்கு ஓடியது. ஆக மென்பொருளும் டிஸ்க்கும் நன்றாக இருக்கின்றன. மாத டேட்டா வரம்பு 3300 ஜி.பி.; அதன் பக்கத்தில்கூட வரவில்லை. வரம்பு நெருங்கினால் வாடிக்கையாளருக்குத் தகவல் அனுப்பவேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2016-இல் போட்ட உத்தரவு. அப்படி எஸ்.எம்.எஸ். எதுவும் வந்திருக்கவில்லை. அதுவும் போக, வரம்பு தாண்டினால் எல்லாமே மெதுவாகவேண்டும், யூடியூப் உட்பட.

அடுத்த சந்தேகம் சி.ஜி.நாட். பல வீட்டு இணைப்புகளை ஒரே பொது ஐ.பி. முகவரிக்குப் பின்னால் அடைத்து வைப்பதை அப்படிச் சொல்கிறோம். அந்த மாதிரி இணைப்பில் வெளியில் இருந்து யாரும் நேராக உள்ளே வர முடியாது, ஃபைல் பகிர்வு திணறும். இங்கே அந்தச் சிக்கல் இல்லை. சி.சி.டி.வி.யைப் போனில் பார்ப்பதற்காக ஸ்டூடியோ அண்ணன் ஏற்கெனவே காசு கொடுத்து ஸ்டாடிக் ஐ.பி., அதாவது தனக்கென்றே ஒரு மாறாத பொது முகவரி, வாங்கியிருந்தார். திருமங்கலம் நேராக வந்து இணைகிறது என்பதை கியூபிட்டோரண்ட் என்ற டோரண்ட் மென்பொருளில் 'பியர்ஸ்' என்ற பகுதியில் பார்த்தே உறுதிசெய்யலாம்.

அந்தப் பகுதியைத்தான் ஒரு மாலை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆறே கால் மணிக்கு வேகம் 80 எம்.பி.பி.எஸ்.ஸுக்கு மேல். ஆறு இருபத்தைந்துக்கும் அதே 80. ஆறரையைத் தாண்டியதும் ஒரே இறக்கமாக 2-க்கு வந்து, அங்கேயே நின்றது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. வரைபடத்தில் கோடு தரையில் படுத்துவிட்டது. நெரிசல் அப்படி வராது. தெருவில் ஒவ்வொரு வீடாக டி.வி.யைப் போடப் போட, வேகம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து மேலும் கீழும் ஆடும். கடிகாரம் பார்த்து ஒரே நொடியில் விழுந்து, ஒரே அளவில் நிற்கும் வேகத்தை யாரோ ஒரு கருவியில் எழுதி வைத்திருக்கவேண்டும். இரவு பதினொன்றரைக்கு அதே மாதிரி ஒரே ஏற்றமாக மேலே போனது.

சரி, எல்லாருக்கும் எல்லாமும் மெதுவாகிறதா, டோரண்ட் மட்டுமா? இரவு எட்டு மணிக்கு, அதே ஸ்டூடியோ கம்ப்யூட்டரில் இருந்து அதே திருமங்கலம் கம்ப்யூட்டருக்கு, அதே ஃபைலை எஸ்.எஃப்.டி.பி. என்ற சாதாரண ஃபைல் அனுப்பும் முறை வழியாக அனுப்பினேன். 80-ஐத் தொட்டது. அதை நிறுத்திவிட்டு டோரண்ட்டில் அனுப்பினேன். 2. போர்ட் எண்ணை, அதாவது மென்பொருள் பயன்படுத்தும் வாசல் எண்ணைப் பார்த்துத் தடுக்கிறார்களோ என்று டோரண்ட் பயன்படுத்தும் அதே போர்ட்டில் ஐபெர்ஃப் என்ற சோதனைக் கருவியை ஓட்டினேன். முழு வேகம். டோரண்ட் மென்பொருளில் என்கிரிப்ஷனை (போகும் தகவலைப் பூட்டிவைப்பதை) கட்டாயமாக்கிப் பார்த்தேன். முதல் சில நொடி 80 காட்டிவிட்டு மறுபடியும் 2-க்குச் சரிந்தது. உள்ளே என்ன போகிறது என்று படிக்க முடியாவிட்டாலும், பாக்கெட்டுகள் (டேட்டா பிரிந்து போகும் சிறு பொட்டலங்கள்) போகும் விதத்தை வைத்தே டோரண்ட் என்று கண்டுபிடிக்க அந்தக் கருவிக்குச் சில நொடி போதும் போல.

கடைசிச் சோதனைதான் தீர்ப்பு மாதிரி. இரண்டு கம்ப்யூட்டருக்கும் நடுவில் வயர்கார்டு என்ற வி.பி.என். சுரங்கம் ஒன்று போட்டேன். அதே வழி, அதே இரண்டு முனை, அதே நேரம், அதே டோரண்ட். மாறியது ஒன்றே ஒன்று: உள்ளே போவது டோரண்ட் என்று வெளியில் இருந்து தெரியாது. வேகம் 80-க்கு வந்து, நாற்பது ஜி.பி.யும் முடியும்வரை அங்கேயே நின்றது. எடிட்டர் அன்றைக்கு இரவு பத்தரைக்கே வேலையைத் தொடங்கினார்.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்றும் செய்தோம். திண்டுக்கல் டிசைனர் வேறு நிறுவனத்தின் இணைப்பு வைத்திருக்கிறார். இரவு எட்டரைக்கு அவரும் திருமங்கலம் எடிட்டரும் உபுண்டு லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் அதிகாரபூர்வ டோரண்ட்டை ஒரே நேரத்தில் இறக்கினார்கள். திண்டுக்கல்லில் சில நிமிடத்தில் முடிந்தது. திருமங்கலத்தில் ஊர்ந்தது.

"டோரண்ட்டுன்னாலே திருட்டுப் படம்தானே?"

எங்கள் ஏரியாவில் இணைப்பு கொடுப்பது நிறுவனத்தின் நேரடி ஆட்கள் கிடையாது. கேபிள் டி.வி. காலத்தில் இருந்தே வயர் இழுத்து, மாதாமாதம் வசூல் செய்யும் உள்ளூர் ஆபரேட்டர்தான் இதையும் பார்க்கிறார். நல்ல மனிதர், இரவு பதினோரு மணிக்குக் கூப்பிட்டாலும் ஏணியோடு வருவார். அவரிடம் வரைபடத்தைக் காட்டினேன்.

"தம்பி, டோரண்ட்டுன்னாலே திருட்டுப் படம்தானே? பொழுது சாஞ்சா வீட்டுக்கு வீடு சீரியலு, கிரிக்கெட்டுன்னு பாக்குறாங்க. அந்த நேரத்துல அதக் கொஞ்சம் அமுக்கி வச்சா என்ன தப்புன்னு மேல கேக்குறாங்க. எங்கிட்ட ஒண்ணும் இல்லப்பா, எல்லாம் மேல இருந்து வர்றது."

இந்த இரண்டு வாதத்தையும் ஒதுக்கிவிட்டுப் போகக்கூடாது. திருட்டுப் படம் டோரண்ட்டில் போகிறது என்பது உண்மை. ஆனால் ஸ்டூடியோ அனுப்புவது அவர்களே எடுத்த, அவர்களுக்கே சொந்தமான காட்சிகள். லினக்ஸ் பதிப்புகள், லிப்ரே ஆபீஸ், இன்டர்நெட் ஆர்க்கைவின் நூல்கள் எல்லாம் அதிகாரபூர்வமாகவே டோரண்ட்டில் கிடைக்கின்றன. குற்றம் செய்பவரும் செய்யாதவரும் ஒரே வழியில் போகிறார்கள் என்பதற்காக வழியையே அடைத்தால் என்ன ஆகும் என்பதை நம் மாநிலம் ஏற்கெனவே பார்த்திருக்கிறது. 2012-இல் திரைப்படத் திருட்டைத் தடுக்கச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வாங்கிய உத்தரவைக் காட்டி, இணைய நிறுவனங்கள் தளங்களை முழுசு முழுசாக முடக்கின. சொந்த வீடியோக்களைப் போட்டு வைத்திருந்த விமியோ என்ற வீடியோ தளத்தின் பயனர்களும் அதில் மாட்டினார்கள். அந்த ஆண்டு ஜூனில் நீதிமன்றமே, குறிப்பிட்ட முகவரிகளைத்தான் தடுக்கலாம், தளம் முழுவதையும் கூடாது என்று தெளிவுபடுத்தியது.

நெரிசல் வாதம் இன்னும் கனமானது. நூறு வீட்டுக்கு 100 எம்.பி.பி.எஸ். விற்கும் நிறுவனம் நூறையும் பெருக்கி அவ்வளவு கொள்ளளவு வாங்கி வைப்பதில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் முழுதாக இழுக்க மாட்டார்கள் என்ற கணக்கில்தான் தொழிலே நடக்கிறது. யூடியூப் போன்ற பெரிய தளங்களின் வீடியோ பெரும்பாலும் நிறுவனத்தின் அருகிலேயே வைத்திருக்கும் சேமிப்புக் கருவிகளில் இருந்து வந்துவிடும். மற்றதற்கெல்லாம், மேலே இருக்கும் வேறு நிறுவனத்துக்குக் காசு கட்டி அலைவரிசை வாங்கவேண்டும். டோரண்ட் ஒரே நேரத்தில் பல இணைப்புகளைத் திறப்பதால் பங்கைக் கூடுதலாகவே எடுத்துக்கொள்ளும் என்ற புகாரும் பொய் கிடையாது.

ஆனாலும் இந்த நிகழ்வில் அது பொருந்தவில்லை. அனுப்புவதும் பெறுவதும் ஒரே நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள், தெப்பக்குளத்தில் இருந்து திருமங்கலம். வெளி அலைவரிசைக்கு ஒரு ரூபாய்கூட ஆகாது. சொந்த வலைக்குள்ளேயே நெரிசல் என்றால் அதே இரவு எட்டு மணிக்கு எஸ்.எஃப்.டி.பி. எப்படி 80-இல் போனது?

இதே கதை 2007-இல்

காம்காஸ்ட் என்பது அமெரிக்காவின் பெரிய கேபிள் இணைய நிறுவனம். 2007-இல் ராப் டொபால்ஸ்கி என்ற நெட்வொர்க் வல்லுநர், பழைய நால்வர் குழுப் பாட்டு ஒலிப்பதிவுகளைப் பகிர முயன்றபோது, தன் இணைப்பில் இருந்து டோரண்ட் வெளியே போகவே மாட்டேன் என்கிறது என்பதைக் கவனித்தார். பாக்கெட்டுகளைப் பிடித்துப் பார்த்தார். இணைப்பை முறித்துக்கொள்ளச் சொல்லும் 'ரீசெட்' செய்திகள் வந்துகொண்டிருந்தன. மறுமுனைக் கம்ப்யூட்டர் அனுப்பியது போல இருக்கும். அனுப்பியது உண்மையில் நடுவில் இருந்த கருவி. அக்டோபரில் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் பைபிளின் பழைய ஆங்கில மொழிபெயர்ப்பை, காப்புரிமை எதுவும் இல்லாத அந்த நூலை, டோரண்ட்டில் அனுப்பிச் சோதித்து அதையே கண்டது. எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷனும் உறுதிசெய்தது. அதுவரை காம்காஸ்ட் மறுத்துக்கொண்டே இருந்தது.

எங்கள் நிகழ்வில் போலி ரீசெட் எதுவும் வரவில்லை. பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் என்ற மென்பொருளில் தேடிப் பார்த்தேன். குறிப்பிட்ட அளவுக்கு மேல் வரும் பாக்கெட்டுகள் காணாமல் போய், மறுபடி அனுப்பப்பட்டுக்கொண்டே இருந்தன. கருவி வேறு, வேலை ஒன்று.

2008 ஆகஸ்ட் 1 அன்று எஃப்.சி.சி. என்ற அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் 3-2 என்ற வாக்கில் காம்காஸ்ட் செய்தது தவறு என்றது. 2010 ஏப்ரலில் நீதிமன்றம், அப்படிச் சொல்ல ஆணையத்துக்கு அதிகாரமே இல்லை என்று அதைத் தள்ளிவிட்டது. 2015-இல் வந்த வலுவான விதி 2017-இல் நீக்கப்பட்டது; 2024-இல் திரும்பி வந்தது; 2025 ஜனவரியில் நீதிமன்றத்தில் மறுபடி விழுந்தது.

அந்தச் சண்டையை விட எனக்கு முக்கியமாகப் படுவது, காம்காஸ்ட் அதற்கு அப்புறம் செய்த ஒரு மாற்றம். எந்த மென்பொருள், எந்த ஃபைல் என்று பார்க்காத ஒரு முறையைக் கொண்டுவந்தார்கள். ஒரு பகுதியில் நெரிசல் நெருங்கும்போது மட்டும், அண்மைய சில நிமிடங்களில் மிக அதிகமாக இழுத்துக்கொண்டிருப்பவரின் எல்லாப் போக்குவரத்தும் சிறிது நேரம் வரிசையில் பின்னால் போகும். நெரிசல் தணிந்ததும் தானாகச் சரியாகிவிடும். அதன் செயல்முறையை 2010 டிசம்பரில் ஆர்.எஃப்.சி. 6057 என்ற பொது ஆவணமாகவே வெளியிட்டார்கள். டோரண்ட் பக்கமும் மாறியது: தாமதம் கூடுவதைக் கண்டதும் தானே வேகத்தைக் குறைத்து மற்றவர்களுக்கு வழிவிடும் லெட்பேட் முறை 2012 டிசம்பரில் ஆர்.எஃப்.சி. 6817 ஆக வந்தது. டோரண்ட் மென்பொருள்கள் அதற்கு முன்பே அதைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தன. ஆகவே "டோரண்ட்டை அமுக்காமல் வலையை நடத்தவே முடியாது" என்று இன்றைக்கு யாராவது சொன்னால் அதை ஏற்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

நம் நாட்டில் என்ன விதி

இணையத்தில் போகும் எல்லாவற்றையும் நிறுவனம் சமமாக நடத்தவேண்டும் என்பதைச் சொல்லும் நெட் நியூட்ராலிட்டி என்ற சொல் 2003-இல் டிம் வூ என்ற சட்டப் பேராசிரியர் எழுதிய கட்டுரையில் இருந்து பரவியது. நமக்கு அது 2015-இல் தெருப்பேச்சாக ஆனது. அந்த ஏப்ரலில் அதைக் காக்கச் சொல்லி டிராய்க்குப் பத்து லட்சத்துக்கும் மேல் மின்னஞ்சல் போனது. 2016 பிப்ரவரி 8 அன்று, எந்தத் தளத்தைப் பார்க்கிறோம் என்பதை வைத்து வெவ்வேறு கட்டணம் வாங்கக்கூடாது என்று டிராய் ஒழுங்குமுறை கொண்டுவந்தது. அது கட்டணம் பற்றியது. வேகம் பற்றிய விதி அப்புறம்தான் வந்தது: 2017 நவம்பரில் டிராய் பரிந்துரைத்தது, 2018 ஜூலையில் தொலைத்தொடர்புத் துறை ஏற்றது, அந்த ஆண்டு செப்டம்பரில் உரிம நிபந்தனைகளிலேயே சேர்த்தார்கள்.

அதன் சாரம் இது. தடுப்பது, தரத்தைக் குறைப்பது, மெதுவாக்குவது, சிலதுக்கு மட்டும் கூடுதல் வேகம் தருவது ஆகிய எதையும் உள்ளடக்கத்தை வைத்துப் பாகுபாடாகச் செய்யக்கூடாது. அனுப்புநர், பெறுநர், நெட்வொர்க் புரோட்டகால் (கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ளும் முறை), கருவி ஆகியவற்றை வைத்துப் பிரிப்பதும் அந்தப் பாகுபாட்டில் சேரும். டோரண்ட் ஒரு புரோட்டகால். சட்டம் தெரியாதவரும் படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்கு நேரான நிபந்தனை.

விதிவிலக்கு உண்டு. நியாயமான போக்குவரத்து மேலாண்மை செய்யலாம். ஆனால் அது தேவைக்குத் தக்க அளவில், தற்காலிகமாக, வெளிப்படையாக இருக்கவேண்டும். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் கோரிப்பாளையம் பக்கம் போலீஸ் வண்டிகளைத் திருப்பிவிடுவதைச் சொல்லலாம். முன்கூட்டியே அறிவிப்பு வரும், எல்லா வண்டிக்கும் பொருந்தும், திருவிழா முடிந்ததும் தடுப்பை எடுத்துவிடுவார்கள். இங்கே நடந்தது என்ன? வருஷம் முழுக்க, தினமும் ஆறரை முதல் பதினொன்றரை வரை, ஒரே வகை வண்டிக்கு மட்டும் தடுப்பு, அறிவிப்புப் பலகையும் கிடையாது.

அறிவிப்பு இல்லாததுதான் எனக்கு மிகுந்த கோபத்தைத் தந்தது. "மாலையில் ஃபைல் பகிர்வு மெதுவாகும்" என்று பிளானில் ஒரு வரி போட்டிருந்தால் அண்ணன் வேறு இணைப்பு வாங்கியிருப்பார். அந்த வரி இல்லாததால், முழு வேகத்துக்குப் பணம் கட்டிவிட்டு, குறை தன் கம்ப்யூட்டரில் இருக்கிறது என்று நம்பிப் புது ரூட்டரும் வாங்கினார்.

புகாரும் பதிலும்

போனில் பேசுவதை விட்டுவிட்டு எழுத்தில் போனோம். முதலில் நிறுவனத்தின் புகார் மையம். டாக்கெட் எண் வாங்கினோம். ஸ்பீடு டெஸ்ட் படங்களை அனுப்பவில்லை, அது அவர்களுக்குத்தான் சாதகம். அனுப்பியவை: ஒரே மாலையில் எடுத்த மூன்று வரைபடம் (டோரண்ட், எஸ்.எஃப்.டி.பி., சுரங்கத்துக்குள் டோரண்ட்), மூன்றிலும் நேரமும் ஐ.பி. முகவரியும் தெரியும்படி. கூடவே இரண்டு கேள்வி. எந்தப் போக்குவரத்து மேலாண்மை விதியின் கீழ் இது நடக்கிறது? அந்த விதி எங்கே வெளியிடப்பட்டிருக்கிறது?

முதல் பதில், மாத வரம்பு முடிந்திருக்கலாம் என்றது. வரம்பு முடியவில்லை என்பதை அவர்களுடைய கணக்குப் பக்கத்தில் இருந்தே எடுத்துக் காட்டி, அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதினோம். 2012-இல் இருந்து இந்த இரண்டு அடுக்கு முறை நடைமுறையில் இருக்கிறது. மேல்முறையீட்டுக்குக் காசு கட்டவேண்டியதில்லை. 2018 உரிம நிபந்தனையில் புரோட்டகால் பற்றிய பகுதியை அப்படியே கடிதத்தில் சேர்த்தோம்.

அப்புறம்தான் தொழில்நுட்பப் பிரிவில் இருந்து ஒருவர் போன் செய்தார். மரியாதையாகவே பேசினார். "சார், ஒரு பழைய பாலிசி ஓடிட்டு இருந்துச்சு. உங்க ஐடிக்கு எடுத்துட்டோம், செக் பண்ணிப் பாருங்க." அன்றைக்கு மாலை ஆறரை தாண்டியும் கோடு 80-இல் நின்றது. திருமங்கலம் இணைப்பிலும் எடுத்துவிட்டார்கள். ஸ்டூடியோ அண்ணனுக்கு நிம்மதி. சுரங்கத்தை எடுத்துவிட்டோம்.

ஆனால் "உங்க ஐடிக்கு" என்ற சொல் எனக்கு உறுத்தியது. வில்லாபுரத்தில் அதே நிறுவனத்தின் இணைப்பு வைத்திருக்கும் ஒரு கல்லூரி மாணவர் வீட்டில் இரவு எட்டு மணிக்கு லினக்ஸ் டோரண்ட் ஒன்றை இறக்கச் சொன்னேன். 2-இல் ஊர்ந்தது. பதினொன்றரைக்கு மேலே ஏறியது.

புகார் கொடுத்தவருக்கு மட்டும் விலக்கு என்பது தீர்வு ஆகாது என்றே நினைக்கிறேன். ஸ்டாடிக் ஐ.பி.யும், தெரிந்த ஆளும், கடிதம் எழுதப் பொறுமையும் உள்ளவருக்கு ஒரு வேகம், பிளஸ் டூ முடித்துவிட்டு லினக்ஸ் கற்க உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு ஒரு வேகம் என்றால், அதுவும் அதே பாகுபாடுதான். ஆபரேட்டரிடமும் இதைச் சொன்னேன். "நீ எழுதுப்பா, நானும் என் பக்கத்துல இருந்து சொல்றேன். எனக்கும் கஸ்டமர்தான் முக்கியம்" என்றார். சொன்னபடி கேட்டும் விட்டார். பாலிசி வட்டம் முழுக்க ஒன்று, தனி ஏரியாவுக்கு மாற்ற முடியாது என்று அவருக்குப் பதில் வந்ததாம்.

இப்போது மாணவர் பெயரில் இரண்டாவது புகார் போயிருக்கிறது. அதில் கேட்பது இரண்டு: டோரண்ட்டை மட்டும் குறிவைக்கும் கட்டுப்பாட்டை எல்லா வாடிக்கையாளருக்கும் எடுக்கவேண்டும், நெரிசலுக்கு ஏதாவது செய்தே ஆகவேண்டுமானால் புரோட்டகால் பார்க்காத முறையைக் கொண்டுவந்து, அதைத் தளத்தில் வெளியிடவேண்டும். புகார் மையத்தின் பதில் திருப்தியாக இல்லை, மேல்முறையீடு நடக்கிறது. அதுவும் கைவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். தொலைத்தொடர்புச் சேவை பற்றிய புகாரை நுகர்வோர் மன்றங்கள் விசாரிக்கலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதற்காக அந்த மாணவர் இப்போது தினமும் மாலை ஆறு மணியில் இருந்து நள்ளிரவு வரை பத்து நிமிடத்துக்கு ஒருமுறை டோரண்ட் வேகத்தையும் எஸ்.எஃப்.டி.பி. வேகத்தையும் அடுத்தடுத்து அளந்து, நேரத்தோடு ஃபைலில் எழுதும் ஒரு ஸ்கிரிப்ட்டை ஓட்டிக்கொண்டிருக்கிறார்.